சாலமனுக்குச் சொல்லாமல் விட்ட நாலு வாக்கியம்

1

நான் கானாவுக்கு வந்து இன்றோடு நாலு வருஷம். காலையில் இதை என் மனைவி லில்லியிடம் சொன்னேன். "அதுக்கு என்னங்க இப்ப, கேக்கு வெட்டணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள். இங்கே துணியைப் போட்டு நிமிர்வதற்குள் காய்ந்துவிடுகிறது. இலங்கை மலைநாட்டில், எங்கள் லிந்துலையில், மழைக்காலத்தில் ஒரு பெனியன் காய நாலு நாள் ஆகும், அதுவும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டினால்தான். வெயிலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் எல்லாரும் சிங்கம் வருமா என்று கேட்கிறார்கள். சிங்கம் வரவில்லை, கறையான் வருகிறது. இங்கே எங்கள் தேவாலயத்தில் இங்கிலாந்திலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பிய பெரிய ஆர்கன் ஒன்று இருந்தது. வெளியே பளபளவென்று இருந்த அதன் உள்ளே ஒன்றுமே இல்லை என்பது ஒரு பாட்டுக்கு நடுவில் தெரியவந்தது. பழுதுபார்க்கிற வரைக்கும் மேளம் அடிக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு இன்னும் கூடவில்லை. மேளம் மட்டும் ஞாயிறு தவறாமல் வருகிறது.

என் மகள் ரூத் இங்கே வரும்போது ஐந்து வயது. இப்போது கடற்கரைப் பாஷையில் மீன்காரியோடு பேரம் பேசுகிறாள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். போன வாரம், "அப்பா, பெரட்டுன்னா என்ன?" என்று கேட்டாள். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள், யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள் என்று சொன்னேன்.

"ஸ்கூல் அசெம்பிளி மாதிரியா? ஜெபம் உண்டா?"

"ஜெபம் இல்ல. திட்டு உண்டு."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. எனக்குத்தான் பெரட்டு என்றதும் எங்கள் தோட்டத்துச் சாலமன் அண்ணன் ஞாபகம் வந்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை மென்சா ஐயா தன் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மென்சா ஐயா இந்த நாட்டுக்காரர், போதகர். இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வெள்ளைக்காரப் பாதிரிமார் ஆப்பிரிக்காவில் செய்த நல்லதும் கெட்டதும் என்று பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் ஓர் அத்தியாயம் எங்கள் லிந்துலைத் தோட்டத்தைப் பற்றியது. அந்த அத்தியாயத்தில் நான் ஒரு வீரன்.

2

வீரனின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் லிந்துலையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருந்தது. நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் கையாள். தோட்டத்தில் விடியற்காலை தப்பு மேளம் அடித்தால்தான் ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் எழும்பும், பெரட்டுக் கூடும். அதை அடித்தவர் சாலமன் அண்ணன். அவருடைய அப்பா அடித்தார், பிறகு அவரும் அவருடைய அண்ணனும் அடித்தார்கள். சாலமன் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தார். அண்ணன் மாரியம்மனோடேயே இருந்துவிட்டார்.

அந்த அண்ணன் செத்துப்போனார். சாலமன் சவத்துக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டே சுடுகாடு வரைக்கும் போனார். பாதிரியாருக்கு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். தப்பு பேய்களுக்கு உரியது, அதை அடித்த கையால் திருவிருந்து வாங்கக் கூடாது என்று பாதிரியார் விலக்கிவைத்தார். தப்பைக் கொண்டுவந்து ஒப்படைத்து, இனி தொடுவதில்லை என்று சபைக்கு முன்னால் சொன்னால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வாராம். அதுவரைக்கும் சாலமன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதோடு போனால் பரவாயில்லை. அவர் மகள் மேரிக்குப் பொகவந்தலாவையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அந்தக் கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்கவும் மாட்டேன், அது இல்லாமல் கல்யாணம் இல்லை என்றுவிட்டார்.

சாலமன் தப்பை ஒப்படைக்கத் தயார்தான். ஆனால் அது அவருடையது இல்லை. தோட்டத்துச் சாமான் பட்டியலில் மண்வெட்டிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் நடுவே 'தப்பு, ஒன்று' என்று இருந்தது. கொடுத்தால் பெரிய துரை வேலையை விட்டு நிறுத்துவார், கொடுக்காவிட்டால் பாதிரியார் மகளை வீட்டோடு நிறுத்துவார்.

"கெழமைக்கு ஆறு நாளு இது தொரைக்குக் கூலியாளு, ஏழாவது நாளு பேயிங்கிறாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறது, வாத்தியாரையா?" என்று என்னிடம் கேட்டார்.

துரையும் பாதிரியாரும் தேத்தண்ணி குடித்தபடி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். நாகரிகமான மனிதர்கள். சனிக்கிழமை மாலை தப்பை வாங்கித் தேவாலயத்தில் பாதிரியார் அங்கி மாற்றுகிற அறையில் பூட்டி வைப்பது, திங்கட்கிழமை விடியும் முன் திருப்பிக் கொடுப்பது. சாலமன் ஞாயிற்றுக்கிழமை பாவம் செய்ய முடியாது, துரைக்கும் வேலை கெடாது. சாவி என் பொறுப்பு. இப்படியாக ஞாயிறுதோறும் தப்பு தேவாலயத்துக்கு உள்ளே அங்கிகளோடு தொங்கிக்கொண்டிருக்க, சாலமன் வெளியே மழையில் நின்றார்.

இதில் ஒரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை தோட்டத்தை எழுப்புகிறவருக்குத் தப்பை எடுத்துக் கொடுக்க நான் எழும்ப வேண்டும், என்னை எழுப்ப அந்தத் தப்பு அடிக்க வேண்டும். முதல் திங்கட்கிழமையே நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். சாலமன் கதவைத் தட்டவில்லை, வாத்தியாரை எழுப்புவது மரியாதை இல்லை என்று வாசலில் உட்கார்ந்திருந்தார். தோட்டம் முழுக்கத் தூங்கியது. பெரட்டுக் களத்தில் பெரிய துரை மட்டும் தன் நாயோடு நின்றார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வேலைநிறுத்தம் அதுதான்.

3

இந்த இடத்தில் என்னுடைய சொந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது புரியாது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று ஆகிவிட்டது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். நானும் போட்டேன். நுவரெலியாவில் விசாரணை. நான் பிறந்ததற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி ஞானஸ்நானப் பதிவு. அதில் என் அப்பா பெயர் மோசே. தோட்டத்து ஆள்பேர்ப் புத்தகத்தில் அவர் முனியாண்டி. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தாத்தலா தென்னெக்த?" என்றார். சிங்களத்தில், அப்பா ரெண்டு பேரா என்று கேட்கிறார். கிண்டலாகக் கேட்கவில்லை, படிவத்தில் ஓர் இடம்தான் இருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது, அவர் செத்துப் பல வருஷம். மோசேயும் முனியாண்டியும் ஒரே ஆள் என்று பெயர் வைத்த மிஷன் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாக அதிகாரி சொன்னார். பாதிரியாரிடம் போனேன். "எழுதித் தருவேன், ஜேம்ஸ். நீர் பொறுமையாய் இரும்" என்றார். அவர் தமிழை வேதாகமத்தில் படித்தவர், அப்படித்தான் பேசுவார். பொறுமையாய் இருந்தேன். வாரங்கள் போயின. கடைசியில், வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வருகிறார், அவர் போனதும் திங்கட்கிழமை கட்டாயம் எழுதித் தருகிறேன் என்றார்.

அந்த விருந்தாளிதான் மென்சா ஐயா. மிஷன் மாநாடு ஒன்றுக்காகக் கொழும்புக்கு வந்தவரை மலைநாட்டைப் பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

4

வெளிநாட்டுப் பாதிரியார் வருகிறார் என்று தோட்டத்தில் வாழைமரம் கட்டிக் காத்திருந்தார்கள். கார் வந்து நின்றது. கறுத்த, உயர்ந்த மனிதர் ஒருவர் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு முதலில் இறங்கினார். பெரிய கங்காணி மாலையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், பின்னால் இறங்கிய எங்கள் பாதிரியாருக்குப் போட்டுவிட்டார். வாரம் தவறாமல் வருகிற பாதிரியாருக்கு. அவர் முகம் சிவந்துபோய் மாலையைக் கழற்றி மென்சா ஐயாவுக்குப் போட்டார்.

கங்காணி என் காதருகே வந்தார். "வாத்தியாரே, இவருதான் அந்தச் சாமியா? நம்மளவிட கறுப்பா இருக்காரு?"

"இவருதாங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, நம்ம மேளத்தையே வச்சிருக்கலாமே" என்றார் கங்காணி வருத்தத்தோடு.

மத்தியானம் துரை பங்களாவில் சாப்பாடு. மென்சா ஐயா ஸ்காட்லாந்தில் படித்தவர், துரையின் சொந்த ஊர்க் கல்லூரியில். துரை அந்தக் கல்லூரியை வெளியே இருந்துதான் பார்த்திருந்தார் போலிருக்கிறது. துரைச்சாணி விருந்தாளிக்கு முள்ளுக்கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. அங்கி மாற்றுகிற அறையில் மென்சா ஐயா தப்பைக் கண்டுவிட்டார். தடவிப் பார்த்தார், விரலால் மெதுவாகத் தட்டினார். யாருடையது, இங்கே ஏன் தொங்குகிறது என்று என்னிடம் கேட்டார். பாதிரியார் வெளியே இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனின் சாவு, ஓலை, சாமான் பட்டியல், திங்கட்கிழமைத் தூக்கம் வரைக்கும். தூக்கத்துக்கு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த மனிதர் எங்கே?"

ஜன்னல் வழியாகக் காட்டினேன். சாலமன் கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

5

மென்சா ஐயா இங்கிலீஷில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். முதல் வரிசையில் பாதிரியார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். தேவாலயத்தில் அப்படிப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகப் போனது. பிறகு மென்சா ஐயா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருடைய அப்பா ஊர்த் தலைவரின் அரண்மனையில் மேளம் அடிப்பவராம். மகனை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, மேளத்தை எரித்தால்தான் இடம் என்றார்களாம். அவர் மிஷன் வீட்டு முற்றத்தில், ஏழு வயது மகன் பார்த்துக்கொண்டிருக்க, அதை எரித்தாராம்.

பாதிரியார் என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, சும்மா பார்த்தார். திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் வேதாகமத்தில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வருகிற கெட்ட குமாரன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதிலும் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள் அல்லவா. மென்சா ஐயா கையை உயர்த்தி மேளம் அடித்துக் காட்டினார். தகப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான் என்றேன். அவர் தீ எழும்புவதை இரண்டு கையாலும் காட்டினார். கொழுத்த கன்றைச் சமைக்க அடுப்பு மூட்டினார்கள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் திரும்பி வந்துவிட்டான் என்றேன். பெண்கள் எல்லாரும் விசும்பி அழுதார்கள். அந்தக் கதையை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

கடைசியில் மென்சா ஐயா பிரசங்கபீடத்தை விட்டு இறங்கி, வாசல் வரைக்கும் நடந்து போய், சாலமனுக்கு நேரே நின்று நாலு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சாலமனும் என்னைப் பார்த்தார்.

"ஆமென்" என்றேன்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீர் உத்தமமாய் மொழிபெயர்த்தீர், ஜேம்ஸ்" என்றார். கடிதம் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஆள் மூலம் வந்தது. மோசேயும் முனியாண்டியும் ஒரே ஆளானார்கள், நான் பிரஜையானேன். கூடவே ஒரு நற்சான்றிதழும் வைத்திருந்தார், நம்பத்தகுந்த மொழிபெயர்ப்பாளர் என்று. பிறகு கானாவில் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதையும்தான் இணைத்தேன்.

அன்று சாலமன் என் வீட்டுக்கு வந்தார்.

"அந்த ஐயா எம் மொகத்தப் பாத்துப் பேசுனாரே, என்னாங்க சொன்னாரு?"

"பெரியவங்க சொல்றபடி கேட்டு நடக்கணும்னு சொன்னாருண்ணே."

"அதுக்கா அந்த மனுசன் கண்ணு கலங்குனாரு?" என்று கேட்டார். பிறகு, "அவ்வளவு தூரத்துல இருந்து, நம்ம நெறத்துல வந்தவரே அப்புடிச் சொல்றாருன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனித் தொடுவதில்லை என்று சொன்னார். ஓலை வாசிக்கப்பட்டது, மேரிக்குக் கல்யாணம் நடந்தது. தோட்டத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் அடித்தார்கள். சாலமனுக்குப் புல்லு வெட்டுகிற வேலை கொடுத்தார்கள். அண்ணன் வீட்டார் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் அந்தத் தோட்டத்தில் இருந்த மீதி வருஷங்களில் அவர் லயத்துப் பக்கமாகப் போகாமல் சுற்றுப்பாதையில் போனேன்.

6

சனிக்கிழமை மென்சா ஐயா வந்தார், கூடவே அவருடைய தங்கை மகன் யாவ் என்பவரும் வந்தார். யாவ் எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். ஞானஸ்நானப் பெயர் எபெனேசர். அதைத் தூக்கி எறிந்துவிட்டார், தேவாலயத்துக்கும் போவதில்லை. ஆனால் பெயரைச் சட்டப்படி மாற்ற, அதை வைத்த போதகரின் கையெழுத்து வேண்டுமாம். அதற்காகத் தேவாலயப் படி ஏற மாட்டேன் என்று நிற்கிறார். அரசாங்கக் கடிதமெல்லாம் இன்னும் எபெனேசருக்கே வருகிறது. எனக்கு மோசேயும் முனியாண்டியும் நினைவுக்கு வருவார்கள், ஆனால் சொன்னதில்லை.

வராந்தாவில் உட்கார்ந்ததும் மாமனும் மருமகனும் வழக்கம்போல ஆரம்பித்தார்கள்.

"கடவுள் கப்பலில் வந்தவர் இல்லை, யாவ். அவர் இங்கேயேதான் இருந்தார். வெள்ளைக்காரர் செய்தியை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான் செய்தியை வைத்துக்கொண்டு காகிதத்தைக் கிழிக்கிறேன்."

"கிழிக்கிறீர்களா? நீங்கள் அதற்குக் கஞ்சி போட்டுக் கழுத்தில் கட்டியிருக்கிறீர்கள், மாமா" என்று யாவ் அவருடைய வெள்ளைப் பட்டையைக் காட்டினார். ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இவர்கள் சண்டை என்றால் கொண்டாட்டம்.

பிறகு மென்சா ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தியாயத்தை வாசித்தார். இலங்கையின் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். தன் அப்பாவின் கதையைக் கேட்டுக் கண்ணீர்விட்ட பெண்கள். பாதிரியாரின் பார்வைக்கு முன்னால், தன் பிழைப்பே போகக்கூடும் என்று தெரிந்தும், ஒரு சொல்லும் குறையாமல் எடுத்துச் சொன்ன இளம் ஆசிரியர். வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். ரூத் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, "இது நீங்களா அப்பா?" என்று தமிழில் கேட்டாள். அவள் தானாகத் தமிழில் பேசி ஒரு மாதமாவது இருக்கும்.

இல்லை என்றேன். பிறகு மென்சா ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுத்த கன்றையும் விடவில்லை. கன்று வந்தபோது யாவ் சிரித்துவிட்டார், உடனே நிறுத்திக்கொண்டார். எனக்கே சொல்லும்போது பாதி சிரிப்பாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் அவமானம்.

மென்சா ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாலமன் என்ன செய்தார்?"

சொன்னேன். முழங்காலில் நின்றதையும் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காகிதங்களை என் பக்கம் தள்ளினார்.

"நான் எழுதியது பொய்யான அத்தியாயம். உண்மையானதை நீ எழுது. ஒருவனை ஒரு காகிதத்துக்காக என்னவெல்லாம் செய்ய வைத்தார்கள் என்பதுதான் என் புத்தகமே. ஆனால் அதற்கு அவசரமில்லை. முதலில் அவருக்கு எழுது."

"அவருக்கு வாசிக்கத் தெரியாது ஐயா."

"கேட்கத் தெரியுமே" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். லிந்துலையிலோ அட்டனிலோ இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கள் தோட்டத்துக்குப் போய், கீழ்க்கணக்குப் பிரிவு லயத்தில் சாலமன் என்று விசாரியுங்கள். எழுபதை நெருங்கியிருப்பார். இந்தியாவுக்கு அனுப்புகிற பட்டியலில் அவர் பெயர் இருந்து கப்பலேற்றியிருந்தால், எந்த ஊர் என்று மேரியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள், நான் அங்கே எழுதுகிறேன். அவர் அங்கேயே இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இதற்குக் கீழே இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். நான் ஆமென் சொன்ன இடத்தில் வந்திருக்க வேண்டியது இது. இப்போது ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சாலமன் அண்ணே, அந்த ஐயா அன்னைக்கு ஒங்ககிட்ட சொன்னது இதுதாங்க: "அண்ணனுக்காக நீங்க அடிச்சது பாவம் இல்லங்க, அதக் கேட்டு ஆண்டவருக்குக் கோவம் வரல. அதுக்காக யாரு முன்னாடியும் முட்டி போடாதீங்க. எங்க அப்பா முட்டி போட்டுத் தன்னோட மேளத்த எரிச்சாரு, எனக்குப் பள்ளிக்கூடம் கெடச்சுச்சு, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவரு எங்கூட மொகங்குடுத்துப் பேசல. அவருகிட்ட இதச் சொல்ல அன்னைக்கு ஒரு ஆளு இல்ல, அதனாலதான் ஒங்ககிட்ட வந்து சொல்றேன்."